கெர்னல் சோர்ஸ் கோடுக்கு நம் கணினியிலேயே ஒரு தேடுபொறி: வாசகர் கேள்வி-பதில்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் போன்ற பெரிய சோர்ஸ் கோடைச் சொந்தக் கணினியில் வைத்துப் படிப்பது பற்றி வந்த கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டோம். கட்டளைகளும் ஃபங்ஷன் பெயர்களும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் அச்சாகின்றன. டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: கெர்னலைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஃபைல்களில் சொல் தேடும் கிரெப் கட்டளையைப் போட்டால் நூற்றுக்கணக்கில் வரிகள் வந்து விழுகின்றன. ஒரு பெயரைச் சொடுக்கினால் அது எழுதப்பட்ட இடத்துக்குப் போகும் இணையதளங்கள் இருக்கின்றனவே, அதுபோல ஒன்று என் லேப்டாப்பில், இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். எதை நிறுவலாம்?

எதை நிறுவுவது என்பதற்கு முன்னால், அதற்குள் எதைப் போடப்போகிறோம் என்று முடிவு செய்துவிடுங்கள். இந்தப் பகுதிக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை கருவியால் வருவதில்லை. தேவைக்கு மேல் கோடை, தேடலுக்கான பெயர்ப் பட்டியலான இன்டெக்ஸில் கொட்டுவதால்தான் வருகின்றன. கெர்னலில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட வரிகள் இருக்கின்றன. அதில் பெரும்பங்கு உங்கள் கணினியில் இல்லவே இல்லாத சாதனங்களுக்கான டிரைவர்கள். ஆர்ச் டைரக்டரிக்குள் எக்ஸ்86, ஆர்ம்64, ரிஸ்க்-வி, எஸ்390 என்று இருபது ஆர்க்கிடெக்சர்களுக்கு, அதாவது செயலி வகைகளுக்கு, மேல் உண்டு. ஒரே பெயரில் ஆளுக்கொரு ஃபங்ஷன் அவற்றில் கிடக்கும்.

ஆகவே ஒரு பதிப்பு, ஒரு ஆர்க்கிடெக்சர், அவ்வளவுதான். பதிப்புக்கு நீண்ட காலப் பராமரிப்பு உள்ள ஒன்றை எடுங்கள். 2023 அக்டோபரில் வெளிவந்த 6.6 நல்ல தேர்வு, கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதை வைத்துத்தான். கோடின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவியில் குளோன் செய்யும்போது, அதாவது களஞ்சியத்தை நகல் எடுக்கும்போது, இரட்டை ஹைஃபன் டெப்த் 1, இரட்டை ஹைஃபன் பிராஞ்ச் வி6.6 என்ற இரண்டையும் சேர்த்தால் வரலாறு இல்லாமல் அந்தப் பதிப்பு மட்டும் இறங்கும். இறக்கம் சில நூறு எம்பி, விரித்தபின் ஒன்றரை ஜிபிக்கு அக்கம்பக்கம்.

கருவிக்கு வருவோம். டெர்மினலில் இருந்தே படிப்பவருக்கு சிஸ்கோப் போதும். பத்து நிமிட வேலை. உலாவியில் சொடுக்கிச் சொடுக்கிப் படிக்க வேண்டும், வரலாறும் பக்கத்திலேயே தெரிய வேண்டும் என்றால் ஓப்பன்குரோக். கோடைத் திருத்தி பில்டும் செய்பவருக்கு எடிட்டரோடு க்ளாங்டி. முதல் வாரத்திலேயே மூன்றையும் நிறுவிக்கொண்டு உட்கார வேண்டாம். சிஸ்கோப்பில் ஒரு வாரம் ஓட்டினால் என்ன குறைகிறது என்று தானாகத் தெரிந்துவிடும்.

கேள்வி: சிஸ்கோப் நிறுவி, டைரக்டரி முழுவதையும் இன்டெக்ஸ் செய்தேன். ஆனால் எதைத் தேடினாலும் எல்லா ஆர்க்கிடெக்சரும் கலந்து வருகிறது. சில சமயம் ஒன்றுமே வருவதில்லை. என்ன தவறு?

இரண்டும் வேறு வேறு தவறுகள்.

சிஸ்கோப்பை நேரடியாக, உள் டைரக்டரிகளையும் சேர்த்து ஓட்டினால் அது கண்ணில் படும் சி ஃபைல் அத்தனையையும் அள்ளிக்கொள்ளும். கெர்னலின் மேக்ஃபைலிலேயே இதற்கு வழி இருக்கிறது. சோர்ஸ் கோடின் உச்ச டைரக்டரியில் நின்று ‘மேக் சிஸ்கோப்’ என்று கொடுங்கள். ஸ்கிரிப்ட்ஸ் டைரக்டரியில் உள்ள டேக்ஸ்.எஸ்எச் என்ற ஸ்கிரிப்ட் ஓடி, உங்கள் கணினியின் ஆர்க்கிடெக்சர் ஃபைல்களை மட்டும் பட்டியலிட்டு இன்டெக்ஸ் கட்டும். எக்ஸ்86 கணினியில் உட்கார்ந்து ஆர்ம்64 கோடைப் படிக்க வேண்டுமென்றால், மேக் என்பதற்கும் சிஸ்கோப் என்பதற்கும் நடுவே ‘ஆர்ச்=ஆர்ம்64’ சேர்க்க வேண்டும். இதில் ஆர்ச் பெரிய எழுத்து. கெர்னலை ஏற்கெனவே பில்ட் செய்திருந்தால் ‘கம்பைல்ட்_சோர்ஸ்=1’ என்பதையும் பெரிய எழுத்தில் சேர்த்துப் பாருங்கள். உண்மையில் கம்பைல் ஆன ஃபைல்கள் மட்டுமே உள்ளே வரும், தேடல் முடிவுகள் சட்டென்று சுருங்கும்.

இந்த வழியில் கே, க்யூ என்ற இரண்டு ஆப்ஷன்களும் தானாகச் சேர்ந்துவிடுகின்றன. கே கொடுக்காவிட்டால் உங்கள் கணினியின் யுஎஸ்ஆர் இன்க்ளூட் டைரக்டரியில் உள்ள, கெர்னலுக்குச் சம்பந்தமில்லாத ஹெட்டர்களும் கலந்துவிடும். க்யூ தலைகீழ் இன்டெக்ஸ் ஒன்றைக் கட்டும். கெர்னல் அளவு கோடுக்கு அது இல்லாமல் தேடினால் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒன்றுமே வராததற்குக் காரணம் நீங்கள் நிற்கும் இடம். இன்டெக்ஸில் ஃபைல் பாதைகள் உச்ச டைரக்டரியில் இருந்துதான் எழுதப்பட்டிருக்கின்றன. எஃப்எஸ் டைரக்டரிக்குள் போய் நின்று சிஸ்கோப் என்று அடித்தால், அது பழைய இன்டெக்ஸைத் தேடிப் போகாது. அந்த இடத்தில் உள்ள நாலு ஃபைலை வைத்துப் புதிதாக ஒன்று கட்டிவிடும். எப்போதும் உச்ச டைரக்டரியில் நின்று, டி (ஆங்கில நெடுங்கணக்கில் 4-ஆவது எழுத்து) ஆப்ஷனோடு திறங்கள். இருக்கும் இன்டெக்ஸை அப்படியே பயன்படுத்து, மறுபடி கட்டாதே என்று அதற்குப் பொருள். தவறிப்போய்க் கட்டிய குட்டி இன்டெக்ஸ் இருந்தால் அந்த டைரக்டரியில் உள்ள சிஸ்கோப்.அவுட் ஃபைலை அழித்துவிடுங்கள். வெளியே வர கன்ட்ரோல்-டி. கன்ட்ரோல்-சி அடித்துத் தவிப்பவர்கள் ஏராளம்.

விம் பயன்படுத்துபவர்களுக்கு: சிஸ்கோப் ஆதரவோடு கம்பைல் செய்த விம்மில் இந்த இன்டெக்ஸை நேரடியாக இணைக்கலாம். நியோவிம் 0.9 பதிப்பில் இருந்து அந்த வசதியை எடுத்துவிட்டார்கள், அங்கே தனி பிளகின் வேண்டும்.

கேள்வி: ஓப்பன்குரோக்கை டாக்கரில் (நிரலைத் தனி கன்டெய்னருக்குள் வைத்து ஓட்டும் கருவி) ஓட்டுகிறேன். கெர்னல் ஒரே புராஜெக்டாக வராமல் ஆர்ச், பிளாக், டிரைவர்ஸ் என்று தனித்தனிப் புராஜெக்டாக வருகிறது. ஹிஸ்டரியும் காலி. சில நேரம் இன்டெக்ஸ் பாதியில் நின்றுவிடுகிறது.

ஓப்பன்குரோக் முதலில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஓப்பன்சோலாரிஸ் கோடைத் தேட எழுதப்பட்டது. ஜாவாவில் ஆனது, லூசீன் தேடல் நூலகத்தின் மேல் நிற்கிறது. பெயர்களைப் பிரித்தெடுக்க யுனிவர்சல் சிடேக்ஸை நம்பியிருக்கிறது. டாக்கர் இமேஜில் இவை எல்லாம் உள்ளேயே இருப்பதால் அந்த வழியில் தொடங்கியது சரிதான். கையால் நிறுவுகிறவர்கள் சிடேக்ஸ் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்: 2009-இல் 5.8 பதிப்போடு நின்றுபோன எக்ஸூபரன்ட் சிடேக்ஸை ஓப்பன்குரோக் ஏற்காது. ஆப்பிளின் மேக் கணினியில் இருக்கும் பழைய சிடேக்ஸும் உதவாது.

புராஜெக்ட் சிதறுவதற்குக் காரணம் ஒரே ஒரு படிநிலை. கன்டெய்னருக்குள் ஓப்பன்குரோக் டைரக்டரியின் கீழ் எஸ்ஆர்சி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு நேர் கீழே உள்ள ஒவ்வொரு டைரக்டரியும் ஒரு புராஜெக்ட் என்பது அதன் விதி. நீங்கள் கெர்னல் டைரக்டரியையே எஸ்ஆர்சி இடத்தில் மவுன்ட் செய்திருக்கிறீர்கள், அதாவது இணைத்திருக்கிறீர்கள். அதனால் ஆர்ச் ஒரு புராஜெக்ட், பிளாக் ஒரு புராஜெக்ட். செய்ய வேண்டியது: ‘கோடு’ என்று ஒரு வெற்று டைரக்டரி உண்டாக்கி, அதற்குள் லினக்ஸ்-6.6 டைரக்டரியை வைத்து, கோடு டைரக்டரியை மவுன்ட் செய்யுங்கள். பழைய டேட்டா டைரக்டரியைக் காலி செய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், இல்லாவிட்டால் பழைய புராஜெக்ட் பெயர்கள் ஒட்டிக்கொண்டு தொல்லை தரும்.

டேட்டா டைரக்டரியையும் வெளியில் இருந்து மவுன்ட் செய்வது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னருக்குள் விட்டுவிட்டால், கன்டெய்னரை நீக்கும்போது மணிக்கணக்கில் கட்டிய இன்டெக்ஸும் அதோடு போகும். வட்டில் 20 ஜிபி காலியாக வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஹிஸ்டரி காலியாக இருப்பது பிழையல்ல. டெப்த் 1 போட்டு இறக்கிய குளோனில் இருப்பது ஒரே ஒரு கமிட், அதாவது ஒரே ஒரு மாற்றப் பதிவு. வரலாறு வேண்டுமென்றால் முழு குளோன்தான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கமிட்கள், பல ஜிபி. அதற்கான ஹிஸ்டரி கேஷைக் கட்டுவதும் நீண்ட வேலை. படிக்க மட்டும் என்றால் வரலாற்றை ஓப்பன்குரோக்கில் போடாமல், முழு குளோன் ஒன்றைத் தனியாக வைத்து கிட் லாக் வழியே பார்ப்பதையே பரிந்துரைப்போம்.

பாதியில் நிற்பது பெரும்பாலும் நினைவகம். டாக்கர் டெஸ்க்டாப் ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது. அதற்கு ஒதுக்கிய நினைவகம் போதாவிட்டால் இன்டெக்ஸர் கொல்லப்படும். கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு வெளியேறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்: 128-உடன் கில் சிக்னலின் எண்ணான 9-ஐக் கூட்டினால் வருவது அது. ஒதுக்கீட்டை 8 ஜிபிக்கு உயர்த்துங்கள்.

இன்னும் இரண்டு அமைப்புகளை முதல் நாளே செய்துவிடுங்கள். இந்த இமேஜ் இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோடைப் புதுப்பித்து மறு இன்டெக்ஸ் செய்யப் பார்க்கும். நீங்கள் 6.6 டேகில், அதாவது ஒரு பதிப்புக்கு இட்ட நிலையான பெயரில், நிற்பதால் புதிய கோடை இறக்கும் கிட் புல் தோற்று, லாக் முழுவதும் பிழைச் செய்தி நிறையும். ‘சிங்க்_பீரியட்_மினிட்ஸ்’ என்ற சூழல் மாறியை, முழுதும் பெரிய எழுத்தில், 0 என்று வையுங்கள். ‘நோமிரர்’ என்பதற்கும், அதுவும் பெரிய எழுத்தில், ஏதாவது மதிப்புக் கொடுங்கள். அடுத்து போர்ட்: 8080 என்று வெறுமனே கொடுத்தால் அதே நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் பக்கம் திறக்கும், ஓப்பன்குரோக் கடவுச்சொல் கேட்காது. முன்னால் 127.0.0.1 சேர்த்துக் கொடுங்கள். கெர்னல் பொதுச் சொத்து, யார் பார்த்தாலும் குறையில்லை. ஆனால் நாளை அதே டைரக்டரியில் அலுவலகக் கோடு ஒன்றை வைப்பீர்கள்.

கேள்வி: ரீட் சிஸ்டம் கால் (ஃபைலைப் படிக்க நிரல்கள் கெர்னலிடம் விடுக்கும் அழைப்பு) போகும் வழியைப் பின்தொடர்ந்து போக நினைத்தேன். ‘சிஸ்_ரீட்’ எழுதப்பட்ட இடத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. எப்படியோ ‘எக்ஸ்ட்4_ஃபைல்_ரீட்_இட்டர்’ வரை வந்தேன். அதை யார் அழைக்கிறார்கள் என்று கேட்டால் யாரும் இல்லை என்கிறது. இன்டெக்ஸ் கெட்டுவிட்டதா?

இன்டெக்ஸ் நன்றாகவே இருக்கிறது. இந்தக் கருவிகள் பெயரைத்தான் அறியும். கெர்னலோ பல முக்கிய இடங்களில் பெயரை மறைத்து எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொண்ட வழியிலேயே இரண்டு வகை மறைவும் வருகின்றன.

முதலாவது மேக்ரோ. எஃப்எஸ் டைரக்டரியில் ரீட்_ரைட்.சி ஃபைலைத் திறந்து பாருங்கள். அங்கே சிஸ்_ரீட் என்று எழுதியிருக்காது. ‘சிஸ்கால்_டிஃபைன்3’ என்று பெரிய எழுத்தில் ஒரு மேக்ரோ, அடைப்புக்குள் முதலில் ரீட் என்ற பெயர், பிறகு அதன் மூன்று உள்ளீடுகளின் வகையும் பெயரும். கடைசியில் உள்ள 3 என்பது உள்ளீடுகளின் எண்ணிக்கை. 0 முதல் 6 வரை இதே மேக்ரோ உண்டு. கம்பைல் ஆகும்போதுதான் இது உண்மையான பெயராக விரிகிறது. அதற்கு முன்னால் உள்ள கோடைப் படிக்கும் சிஸ்கோப்புக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்? சிம்பலாகத் தேடினால் சிஸ்கால்ஸ்.எச் ஹெட்டரில் உள்ள அறிவிப்பு போன்றவற்றைக் காட்டும், எழுதப்பட்ட இடத்தைக் காட்டாது.

மூன்று வழிகள் இருக்கின்றன. ‘மேக் டேக்ஸ்’ கொடுத்து விம்முக்கான டேக் ஃபைல் கட்டினால், முன்பு சொன்ன ஸ்கிரிப்டே இந்த மேக்ரோவை அடையாளம் கண்டு சிஸ்_ரீட் என்ற பெயரில் பதிந்துவிடுகிறது. அந்தப் பெயர் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோலும் வலது சதுர அடைப்பும் அழுத்தினால் நேரே போகலாம், கன்ட்ரோல்-டி அழுத்தித் திரும்பலாம். திரும்புவதற்கான டி, தமிழில் ஒரே எழுத்தானாலும், ஆங்கில நெடுங்கணக்கில் 20-ஆவது எழுத்து. சிஸ்கோப்பை மூடும் டி 4-ஆவது எழுத்து. ஓப்பன்குரோக்கில் என்றால் முழுத் தேடல் பெட்டியில் மேக்ரோ பெயரையும் ரீட் என்பதையும் அடுத்தடுத்து, இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். அந்தப் பெட்டி பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. ஆனால் டெஃபனிஷன், சிம்பல் பெட்டிகள் பார்க்கும், அங்கே அச்சுப் பிசகாமல் எழுத வேண்டும். எந்தக் கருவியும் இல்லையென்றால் கிட் கிரெப்பே போதும்.

இரண்டாவது மறைவு ஃபங்ஷன் பாயின்டர், அதாவது ஒரு ஃபங்ஷனின் முகவரியை வைத்திருக்கும் மாறி. அந்த மேக்ரோவின் உடலில் இருந்து கேஎஸ்ஒய்எஸ்_ரீட், அங்கிருந்து விஎஃப்எஸ்_ரீட் வரை சிஸ்கோப் சரியாக அழைத்துப்போகும். விஎஃப்எஸ்_ரீட் உள்ளே என்ன நடக்கிறது? திறந்த ஃபைலின் எஃப்_ஆப் என்ற பாயின்டர் வழியாக, அந்த ஃபைல் சிஸ்டம் ரீட் ஃபங்ஷன் கொடுத்திருந்தால் அதை அழைக்கிறது. இல்லாவிட்டால் ரீட்_இட்டர் என்ற வழியில் போகிறது. எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டத்தின் பெயரே அங்கே கிடையாது. ஓடும்போதுதான் எந்த ஃபைல் சிஸ்டம் என்பது முடிவாகிறது.

ஆகவே ‘இதை யார் அழைக்கிறார்கள்’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, சிஸ்கோப்பின் முதல் வரியான சி சிம்பல் தேடலில் அதே பெயரைக் கொடுங்கள். எக்ஸ்ட்4 டைரக்டரியின் ஃபைல்.சி-யில், எக்ஸ்ட்4_ஃபைல்_ஆபரேஷன்ஸ் என்ற ஸ்ட்ரக்சருக்குள், ரீட்_இட்டர் உறுப்புக்கு நேரே அந்தப் பெயர் எழுதியிருப்பதைக் காட்டும். முடிச்சு அங்கே இருக்கிறது. எதிர்த் திசையில், எந்தெந்த ஃபைல் சிஸ்டம்கள் இந்த உறுப்பை நிரப்புகின்றன என்று பார்க்க, புள்ளியோடு சேர்த்து ரீட்_இட்டர் என்பதை ஈ-கிரெப் வரியில் தேடுங்கள். ஈ-கிரெப்பில் புள்ளி எந்த எழுத்தையும் குறிக்கும் என்பதால் அதற்கு முன்னால் பின்சாய்கோடு வேண்டும்.

ஆபரேஷன்ஸ் அல்லது ஆப்ஸ் என்று முடியும் ஸ்ட்ரக்சர் எங்கே கண்ணில் பட்டாலும், அழைப்புச் சங்கிலி அங்கே அறுந்து வேறிடத்தில் தொடர்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர், நெட்வொர்க், ஷெட்யூலர் எல்லாவற்றிலும் இதே கட்டுமானம்தான். இதைப் பிடித்துக்கொண்டவருக்குக் கெர்னல் படிப்பதில் பாதிப் பயம் போய்விடும்.

இதோடு உறவுள்ள இன்னொன்று. ஒரு ஃபங்ஷனுக்கு இரண்டு டெஃபனிஷன் வந்து, ஹெட்டரில் உள்ளது வெறுமனே 0 திருப்பித் தரும் ஒற்றை வரியாக இருந்தால், அது அந்த வசதி கான்ஃபிகில் அணைக்கப்பட்டிருக்கும்போது வேலை செய்யும் போலி. மேலே உள்ள இஃப்டெஃப் வரியில் கான்ஃபிக் பெயர் இருக்கும். உங்கள் டாட்-கான்ஃபிக் ஃபைலில் அது ஒய் என்று இருந்தால் உண்மையான ஃபங்ஷன் மற்றதுதான்.

கேள்வி: விண்டோஸ் லேப்டாப்பில் கெர்னலைக் குளோன் செய்தேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, கிட் ஸ்டேட்டஸ் பல ஃபைல்கள் மாறியிருப்பதாகக் காட்டுகிறது.

கெர்னலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டில் மட்டும் பிரியும் ஃபைல் பெயர்கள் உண்டு. நெட்ஃபில்டர் டைரக்டரியில் எக்ஸ்டி_டிஎஸ்சிபி.சி என்று இரண்டு ஃபைல்கள் இருக்கின்றன, டிஎஸ்சிபி ஒன்றில் பெரிய எழுத்து, மற்றதில் சின்ன எழுத்து. விண்டோஸும் மேக்கும் இயல்பாக இரண்டையும் ஒரே பெயராகப் பார்ப்பதால் ஒன்று மற்றதன் மேல் எழுதப்பட்டுவிடுகிறது. காணாமல் போன கோடு இன்டெக்ஸிலும் இருக்காது. போதாக்குறைக்கு, நூவோ கிராஃபிக்ஸ் டிரைவருக்குள் ஏயுஎக்ஸ்.சி என்று ஒரு ஃபைல் இருக்கிறது. அந்தப் பெயர் டாஸ் காலத்தில் இருந்தே விண்டோஸில் ஒதுக்கப்பட்ட சாதனப் பெயர்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் நிறுவி, அதன் சொந்த ஹோம் டைரக்டரிக்குள் குளோன் செய்யுங்கள். எம்என்டி வழியாக சி டிரைவில் வைத்தால் வேகமும் போகும், இந்தத் தொல்லையும் தீராது. மேக்கில் டிஸ்க் யுட்டிலிட்டி வழியாக, எழுத்து வேறுபாடு பார்க்கும் ஏபிஎஃப்எஸ் வகையில் 20 ஜிபி இமேஜ் ஒன்று உண்டாக்கி அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விஎஸ் கோடு எடிட்டரில் க்ளாங்டி போட்டேன். திறக்கும் ஃபைல் எல்லாம் சிவப்புக் கோடு.

க்ளாங்டி ஒரு ஃபைலை கம்பைலரைப் போலவே படிக்கிறது. எந்த ஆப்ஷன்களோடு கம்பைல் செய்வது என்று தெரியாவிட்டால் முதல் இன்க்ளூட் வரியிலேயே தடுக்கி விழும். அந்த விவரம் கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன் என்ற ஃபைலில் இருக்க வேண்டும். கெர்னலை ஒருமுறை பில்ட் செய்தால்தான் அது கிடைக்கும்: ‘மேக் எல்எல்விஎம்=1 டெஃப்கான்ஃபிக்’, பிறகு அதே எல்எல்விஎம்=1 உடன் மேக், கடைசியில் அதே முறையில் ‘மேக் கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன்’. எல்எல்விஎம் பெரிய எழுத்து, மூன்றிலும் விடாமல் இருக்க வேண்டும். விட்டுவிட்டால் ஜிசிசி ஓடி, ‘எஃப்-கன்சர்வ்-ஸ்டாக்’ போன்ற ஜிசிசிக்கு மட்டும் புரியும் ஆப்ஷன்கள் பட்டியலில் ஏறும், க்ளாங்டி அதைப் பார்த்துத் திகைக்கும். பில்டுக்கு முன் ஃப்ளெக்ஸ், பைசன், பிசி ஆகியவையும் லிப்எல்ஃப், ஓப்பன்எஸ்எஸ்எல் ஆகியவற்றின் டெவலப்மென்ட் பேக்கேஜ்களும் வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் சி++ எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதன் இன்டெலிசென்ஸை அணைத்துவிடுங்கள், இரண்டும் ஒரே வேலைக்குச் சண்டை போடும். இவ்வளவும் செய்தபின் கிடைப்பது மிகத் துல்லியமான வழிகாட்டல். ஆனால் உங்கள் கான்ஃபிகில் கம்பைல் ஆன கோடு மட்டுமே அதற்குத் தெரியும். டிரைவர்களை ஊர் சுற்றிப் பார்க்க நினைப்பவருக்கு இது ஏற்றதல்ல.

கேள்வி: 5.10-க்கும் 6.6-க்கும் இடையில் ஒரு ஃபங்ஷன் எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும். இரண்டு இன்டெக்ஸ் கட்டட்டுமா?

ஒரு ஃபங்ஷனுக்காக வேண்டாம். முழு குளோன் இருந்தால் கிட்டே செய்துவிடும். கிட் கிரெப்பில் தேடும் சொல்லுக்குப் பின் வி5.10 என்று சேர்த்தால் செக்-அவுட் செய்யாமலேயே அந்தப் பதிப்பில் தேடும். பெரிய எழுத்து டபிள்யூ ஆப்ஷன் சேர்த்தால் சொல் இருக்கும் ஃபங்ஷனை முழுதாகக் காட்டும். கிட் லாகில் பெரிய எழுத்து எல் ஆப்ஷனுக்குப் பின் முக்காற்புள்ளி, ஃபங்ஷன் பெயர், மறுபடி முக்காற்புள்ளி, ஃபைல் பாதை என்று கொடுத்தால் அந்த ஒரு ஃபங்ஷனைத் தொட்ட கமிட்கள் மட்டும் வரிசையாக வரும். லினக்ஸின் கிட் வரலாறு 2005 ஏப்ரலில் 2.6.12-ஆர்சி2 பதிப்பில் தொடங்குகிறது, அதற்கு முந்தையது இந்தக் களஞ்சியத்தில் கிடைக்காது.

தினமும் பல பதிப்புகளுக்கு இடையே தாவ வேண்டிய வேலை என்றால் பூட்லின் நிறுவனம் வெளியிட்டுள்ள எலிக்சர் பொருந்தும். கிட் டேகுகளை வைத்து இன்டெக்ஸ் செய்கிறது. இரண்டு பதிப்புகளுக்கு இடையே மாறாத ஃபைலை ஒரே முறைதான் படிக்கும். இருந்தாலும் கெர்னலின் எல்லா டேகுகளையும் ஓடவிட்டால் லேப்டாப் நாள் கணக்கில் மூச்சு வாங்கும், தேவையான நாலைந்து டேகுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லூரிப் பாடத்துக்கு எக்ஸ்வி6 படிக்கிறோம். இதற்கும் ஓப்பன்குரோக் வேண்டுமா?

வேண்டாம். எம்ஐடி பாடத்துக்காக எழுதப்பட்ட சிறு இயங்குதளமான எக்ஸ்வி6-இன் கெர்னல் சில ஆயிரம் வரிகள்தான். யுனிவர்சல் சிடேக்ஸை பெரிய எழுத்து ஆர் ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டினால் நொடியில் டேக் ஃபைல் தயார். ரிஸ்க்-வி பதிப்பில் கெர்னல் டைரக்டரியின் ப்ராக்.சி-யில் ஷெட்யூலர் ஃபங்ஷனில் தொடங்குங்கள். அது அழைக்கும் எஸ்டபிள்யூடிசிஎச் சி மொழியில் இல்லை, அதே டைரக்டரியில் பெரிய எழுத்து எஸ் என்று முடியும் அசெம்பிளி ஃபைலில் இருக்கிறது. டேக் கட்டும்போது சி ஃபைல்களை மட்டும் கொடுத்துவிட்டு அதைத் தேடி அலையாதீர்கள்.